பச்சை பார்லியின் பக்கம் நான்

ஐரிஷ் விஸ்கியா, ஸ்காட்சா என்று கேட்டால் யோசிக்காமல் ஐரிஷ் என்பேன். கேட்டவர் உடனே, "ஆமா, அது ஸ்மூத்தா இறங்கும்ல" என்பார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்று இருக்கும். தொண்டையில் தெரியாமல் இறங்க வேண்டும் என்பதற்காக நான் அதைத் தேடிப் போவதில்லை. எனக்குப் பிடித்த ஐரிஷ் விஸ்கி நாக்கில் தங்கும், லேசாகக் கடிக்கும், எண்ணெய்ப் பசையோடு வாய் முழுக்கப் பரவும், இஞ்சியும் கிராம்பும் மாதிரி ஒரு காரம் கடைசிவரை கூடவே வரும். அதன் பெயர் சிங்கிள் பாட் ஸ்டில். ஐரிஷ் என்றால் மென்மை, ஸ்காட்ச் என்றால் புகை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் குடித்திருக்க மாட்டார்கள்.

ஊரில் வெளிநாட்டுச் சரக்கு என்றாலே ஸ்காட்ச்தான். துபாயிலிருந்து வந்தாலும் சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வரச் சொல்வது ஜானி வாக்கர் பிளாக் லேபிள். டப்ளினில் வேலை பார்க்கிற என்னிடமும் அதையேதான் கேட்கிறார்கள். ஜேம்சனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சித்தப்பா வாங்கிக்கொள்வார், ஆனால் முகத்தில் அந்த வெளிச்சம் இருக்காது. ஜேம்சன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது ஒரு நல்ல பிளெண்ட். ஆனால் உலகம் மொத்தமும் ஐரிஷ் விஸ்கியை ஜேம்சனை வைத்தே எடைபோடுகிறது. பிளாக் லேபிளை மட்டும் குடித்துவிட்டு ஸ்காட்லாந்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் ஸ்காட்ச் ரசிகர்கள் விடுவார்களா?

சட்டப்படி பார்த்தால் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. இரண்டுமே குறைந்தது 3 ஆண்டு பீப்பாயில் ஊற வேண்டும், பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. ஸ்காட்லாந்தில் பீப்பாய் ஓக் மரமாகத்தான் இருக்க வேண்டும், அயர்லாந்தில் வேறு மரமும் செல்லும். செஸ்ட்நட் மரப் பீப்பாயில் வைத்தெடுத்த ஐரிஷ் விஸ்கியெல்லாம் வந்திருக்கிறது. நடைமுறையில் இரு நாட்டுக் கிடங்குகளிலும் அடுக்கியிருப்பது பெரும்பாலும் அதே இரண்டு வகைப் பீப்பாய்கள்தான். ஒன்று, அமெரிக்க போர்பன் பீப்பாய். போர்பனைப் புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் கப்பல் கப்பலாக இந்தப் பக்கம் வருகின்றன. இன்னொன்று, ஸ்பெயினிலிருந்து வரும் ஷெர்ரி பீப்பாய். ஆகவே வெனிலா வாசனை, உலர்திராட்சை வாசனை இவற்றை வைத்து ஐரிஷையும் ஸ்காட்சையும் பிரிக்க முடியாது. நிறத்தை நம்பவே வேண்டாம். கேரமல் சேர்க்க இரண்டு இடத்திலும் அனுமதி உண்டு.

வித்தியாசம் பீப்பாய்க்குப் போவதற்கு முன்பே உண்டாகிவிடுகிறது.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிக் காயவைத்த பார்லியை மட்டும் வைத்துச் செய்வது. பாட் ஸ்டில்லில் அந்த மால்ட்டோடு முளைகட்டாத பச்சை பார்லியும் சேரும். 2014-இல் வகுத்த ஐரிஷ் விதிப்படி இரண்டும் தலா 30 சதவீதமாவது இருக்க வேண்டும், ஓட்ஸ், ரை போன்ற வேறு தானியம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. (இந்த 5 சதவீதக் கணக்கை நான் ஏற்கவில்லை. பழைய வடிசாலைகளின் ஏடுகளில் ஓட்ஸும் கோதுமையும் ரையும் இதைவிடத் தாராளமாக இருந்திருக்கின்றன. மரபைக் காப்பதற்கென்று போட்ட விதி மரபைவிடக் குறுகலாக இருக்கிறது.)

பச்சை பார்லி உள்ளே வந்ததற்குக் காரணம் வரி. 1785-இல் முளைகட்டிய பார்லி மீது வரி விழுந்தது. டப்ளின்காரர்கள் மால்ட்டைக் குறைத்துக்கொண்டு, வரி இல்லாத பச்சை பார்லியைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வேலை அப்படியொன்றும் சுலபமில்லை. பச்சை பார்லி கெட்டியானது, அரைத்து வெந்நீரில் கலக்கினால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளும் அதில் போதாது, கூட இருக்கும் மால்ட்தான் அதற்கும் சேர்த்துப் பாடுபட வேண்டும். இவ்வளவு தொல்லைக்குப் பிறகு கிடைத்த சுவை பிடித்துப்போனதால், வரி போன பின்னும் அந்தச் செய்முறையை அவர்கள் விடவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பார்கள். கடைசியில் கிடைப்பது 70 சதவீத ஆல்கஹால் அளவில் இருக்கும். அயர்லாந்தின் பெரிய வடிசாலைகளில் மூன்று முறை வடிப்பதுதான் வழக்கம், 80-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் கனமான, எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் கொஞ்சம் பின்தங்கிப் போகும். அப்படியென்றால் மூன்றாவது வடிப்புக்குப் பிறகு மெலிந்து போயிருக்க வேண்டும் அல்லவா? பச்சை பார்லி அங்கே கைகொடுக்கிறது. வடிப்பு எடுத்துக்கொண்ட கனத்தைத் தானியம் திருப்பிக் கொடுக்கிறது. சுத்தமும் இருக்கும், சதையும் இருக்கும். இந்த இரண்டும் ஒரே கிளாஸில் சேர்ந்திருப்பதை வேறெந்த நாட்டு விஸ்கியிலும் நான் கண்டதில்லை. என் கட்சி ஐரிஷ் கட்சியாக இருப்பதற்கு முழுக் காரணம் இதுதான்.

ரெட்பிரெஸ்ட் 12-ஐ எடுத்துக்கொள்வோம். கார்க் மாவட்டத்து மிடில்டனில் வடித்து, போர்பன் பீப்பாயிலும் ஓலோரோசோ ஷெர்ரி பீப்பாயிலும் ஊறியது. அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். ஊற்றியவுடன் முகர்ந்தால் ஷெர்ரிதான் முந்திக்கொண்டு வரும்: உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், பிளம் கேக். அது அடங்கிய பிறகு இன்னொரு வாசனை மெல்லத் தலைகாட்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க் குடத்தைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த வாசனை. அதுதான் பச்சை பார்லி. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, அடுத்து நாக்கின் இரு ஓரத்திலும் காரம். மிளகாயின் எரிச்சல் இல்லை, இஞ்சியின் உறைப்பு. கிளாஸைச் சாய்த்து நிமிர்த்திப் பார்த்தால் விஸ்கி பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிதானமாகத்தான் இறங்கும். விழுங்கிய பிறகும் அந்தப் பசை உதட்டில் இருக்கும். இதையா "தெரியாமல் இறங்கும்" என்கிறார்கள்?

ரெட்பிரெஸ்ட்டில் ஷெர்ரி கொஞ்சம் தூக்கல் என்று நினைப்பவர்கள் கிரீன் ஸ்பாட்டுக்குப் போகலாம். பச்சை ஆப்பிள் தோல், தேன், அதன் கீழே அதே பார்லி. டப்ளினின் மிட்செல் அண்ட் சன் என்ற பழைய ஒயின் வியாபாரிகளின் சரக்கு அது. முன்பெல்லாம் அவர்கள் வடிசாலையிலிருந்து வாங்கித் தங்கள் பீப்பாயில் ஊறப்போட்டு, எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் பீப்பாய் மேல் பெயின்ட் பொட்டு வைப்பார்கள். நீலம் 7, பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. அந்தப் பொட்டே பெயராக நின்றுவிட்டது. பவர்ஸ் ஜான்ஸ் லேன் இன்னும் முரட்டு ஆள். 46 சதவீதம், தோல் வாசனை, புகையிலை வாசனை. மூன்றும் மிடில்டனிலிருந்து வருவதுதான். ஆனால் ஒன்றைக் குடித்தவர் மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லிவிடலாம்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் கிளாஸ்கோவில் இருக்கிறார். அத்தானுக்கு ஐலா தீவுதான் எல்லாம். லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக். மூன்றுமே தீவின் தெற்குக் கரையில் ஒரே ரோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர் வீட்டு ஷெல்ஃபிலும் அதே வரிசைதான்.

"மாப்ள, உன் ரெட்பிரெஸ்ட் நல்லாத்தான் இருக்கு. இல்லங்கல. ஆனா குடிச்சு முடிச்சதும் சொல்லாமக் கொள்ளாமப் போயிருது. இத ஒரு வாய் வச்சுப் பாரு, நாளைக்குக் காலையில பல்லு வெளக்கும்போதும் இருக்கும்."

"இருக்கும் அத்தான். ஆனா இருக்கது பொகைல்லா. பார்லி எங்க போச்சு?"

இந்தப் பேச்சு எங்களுக்குள் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அவர் ஐலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். லஃப்ரோய்க்கில் தங்களுக்கு வேண்டிய மால்ட்டில் ஒரு பகுதியை இன்றும் பழைய முறையில் தரையிலேயே முளைகட்டுகிறார்கள். கூரை தாழ்ந்த நீளமான அறை. ஊறவைத்த பார்லியைத் தரை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். சில்லென்று ஈரக் காற்று. குனிந்து ஒரு பிடி அள்ளினால் ஒவ்வொரு மணியிலும் நூல் போல வேர் விட்டிருக்கிறது. அப்படியே விட்டால் வேரும் வேரும் பின்னிப் பாயாகிவிடும், அடியில் சூடு ஏறிவிடும். அதனால் ஒருவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புரட்டிக்கொண்டே போகிறார். வாயில் போட்டுக் கடித்தால் வெறும் பார்லிதான், லேசான இனிப்பு. பிறகு அதைச் சூளைக்கு ஏற்றுகிறார்கள். கீழே பீட் எரிகிறது. சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுகி இறுகிய மண்கட்டி அது. தீ ஓங்கக் கூடாது, புகைந்துகொண்டே இருக்க வேண்டும். பார்லி ஈரமாக இருக்கும்வரைதான் புகை அதில் ஒட்டும். சூளையிலிருந்து வந்த மால்ட்டைக் கடித்துப் பார்த்தேன். சற்று முன் கடித்த அதே பார்லி என்று யாரும் சொல்ல முடியாது. டிங்சர், கடற்பாசி, கரி.

புகையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள்தான் அந்த ஆஸ்பத்திரி வாசனைக்குக் காரணம். மால்ட்டில் அது எவ்வளவு என்பதைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். லகவூலினுக்கு ஏறக்குறைய 35, லஃப்ரோய்க்குக்கு 40-ஐ ஒட்டி, ஆர்ட்பெக்குக்கு 50-க்கு மேல். புரூக்லாடி வடிசாலையின் ஆக்டோமோர் பெரும்பாலும் 100-ஐத் தாண்டும். எண் ஏற ஏறப் பெருமை என்று நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அந்த எண் மால்ட்டுக்கு உரியது. வடிக்கும்போதும் பீப்பாயில் ஊறும்போதும் அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். கிளாஸில் எவ்வளவு மிஞ்சுகிறது, மற்ற சுவைகளோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் கணக்கு. இளம் வயதுப் பீட் விஸ்கி எனக்கு ஒத்துவராதது இதனால்தான். புகை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. லகவூலின் 16 அப்படி இல்லை. அத்தனை ஆண்டு ஊறியதில் புகை அடங்கி, அதன் கீழே பேரீச்சையும் டீத்தூளும் உப்பும் தெரிகிறது. அத்தான் ஷெல்ஃபிலிருந்து நானாகக் கை நீட்டி எடுப்பது அது ஒன்றைத்தான்.

அயர்லாந்திலும் பீட் மண்டிக் கிடக்கிறது. பிறகு ஏன் புகை இல்லை? ஐலா போன்ற தீவுகளில் மரம் குறைவு, எரிக்கக் காலடியில் இருந்தது பீட். டப்ளின் வடிசாலைகளோ நகரத்து ஆலைகள், துறைமுகத்தில் வந்திறங்கும் நிலக்கரியை எரித்தார்கள். அவ்வளவுதான். இதை நாட்டின் குணமென்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இன்றைக்கு கானமாரா என்ற ஐரிஷ் விஸ்கி புகையோடுதான் வருகிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்து ஆக்கன்டோஷனில் மூன்று முறைதான் வடிக்கிறார்கள். ஆன்ட்ரிம் கரையில் இருக்கும் புஷ்மில்ஸ் மூன்று முறை வடித்த சிங்கிள் மால்ட், பச்சை பார்லி கிடையாது. வானம் தெளிந்த நாளில் அந்தக் கரையிலிருந்து ஐலா கண்ணுக்குத் தெரியும். புஷ்மில்ஸிலிருந்து டப்ளினைவிட ஐலா பக்கம்.

அப்படியானால் ஐரிஷ் என்றால் மென்மை என்ற பெயர் எப்படி வந்தது? இந்தக் கதை தெரிந்தபோது எனக்கு மனசு வலித்தது. 19-ஆம் நூற்றாண்டில் டப்ளின் பாட் ஸ்டில்தான் உலகத்தில் மதிப்பான விஸ்கி. ஆல்ஃபிரட் பர்னார்ட் என்பவர் பிரிட்டன், அயர்லாந்து முழுக்கச் சுற்றி 1887-இல் எழுதிய புத்தகத்தில் அயர்லாந்தில் 28 வடிசாலைகளைப் பதிவு செய்திருக்கிறார். டப்ளினின் பெரிய ஆலைகளுக்கு முன்னால் ஸ்காட்லாந்தின் பல வடிசாலைகள் சின்னவை. ஜேம்சன் கம்பெனியை வளர்த்த ஜான் ஜேம்சன்கூட ஸ்காட்லாந்தின் அலோவாவிலிருந்து டப்ளினுக்கு வந்தவர்தான்.

அயர்லாந்தில் கலால் துறையின் உயர் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி, 1830-இல் ஒரு புது வடிகலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நிறுத்தி நிறுத்திக் காய்ச்சாமல், உயரமான தூணில் ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்கலாம். செலவு குறைவு, ஆனால் தானியத்தின் சுவை வெகுவாகப் போய்விடும். டப்ளின்காரர்கள் அதைத் தொடவில்லை. இதில் வருவது விஸ்கியே இல்லை என்று அந்த ஊரின் நான்கு பெரிய கம்பெனிகள் சேர்ந்து 1870-களின் கடைசியில் புத்தகமே போட்டன. ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த வடிகலத்தை எடுத்துக்கொண்டு, அதில் வந்த லேசான கிரெய்ன் விஸ்கியில் மால்ட்டைக் கலந்து பிளெண்ட் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து பிரான்ஸில் பூச்சி விழுந்து திராட்சைத் தோட்டங்கள் அழிய, பிராந்தி கிடைக்காமல் போன லண்டன் பணக்காரர்கள் ஸ்காட்சுக்கு மாறினார்கள். கிரெய்ன் விஸ்கியும் விஸ்கிதான் என்று 1909-இல் அரச ஆணையமும் சொல்லிவிட்டது. அடுத்து அயர்லாந்தின் விடுதலைப் போர், அமெரிக்க மதுவிலக்கு, 1930-களில் பிரிட்டனோடு வரிச் சண்டை. அடி மேல் அடி. 1966-இல் ஜேம்சன், பவர்ஸ், கார்க் கம்பெனி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. டப்ளின் ஆலைகளை மூடிவிட்டு உற்பத்தியை மிடில்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1970-களின் இறுதியில் தீவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவை மிடில்டனும் புஷ்மில்ஸும்தான்.

பிழைக்க வேண்டுமே. ஒரு காலத்தில் சுத்தமான பாட் ஸ்டில்லாக இருந்த ஜேம்சனில், காஃபி வழியில் வந்த கிரெய்ன் விஸ்கியைக் கலந்து லேசாக்கினார்கள். அமெரிக்கச் சந்தைக்கு அது பிடித்தது. அன்றைய நிலையில் அது சரியான முடிவு, அந்த வருமானம் இல்லாவிட்டால் ரெட்பிரெஸ்ட்டும் இன்று இருந்திருக்காது. ஆனால் உலகம் அறிந்த "மென்மை" அப்போது வந்ததுதான், பிழைப்புக்காகப் போட்ட வேஷம் அது. இன்றைக்குத் தீவில் நாற்பதுக்கு மேல் வடிசாலைகள் ஆகிவிட்டன. அவற்றில் பல மறுபடி பச்சை பார்லிக்குத் திரும்பியிருப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பற்றிச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவார்கள். கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் எல்லாம் குறை சொல்ல முடியாத விஸ்கிகள். யாருக்கும் தைரியமாக ஊற்றிக் கொடுக்கலாம். எனக்கு அவை நினைவில் நிற்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு பாட்டில்தான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், ஐலாவையும் ஸ்பேசைடையும் விட்டுவிட்டு கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் 10-ஐக் கேட்பேன். முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பதுவரை எல்லாம் ஒரே வளாகத்தில். சரக்கில் ஒரு பகுதியை இரண்டு முறையும் ஒரு பகுதியை மூன்று முறையும் வடித்துச் சேர்க்கிறார்கள். புகை உண்டு, ஆனால் பின்னால்தான் நிற்கும். முன்னால் எண்ணெய்ப் பசை, உப்பு, கொஞ்சம் அழுக்கான இனிப்பு. இருபதுக்கு மேல் வடிசாலைகள் இருந்த அந்த ஊரில் இன்று மூன்றுதான் மிச்சம். டப்ளின் பட்ட பாட்டை அந்தச் சின்ன ஊரும் பட்டிருக்கிறது. ஸ்பிரிங்பேங்க்கைக் குடித்தபோது அத்தானிடம், "இது உங்க ஊர்ல இருக்க எங்க ஊர்ச் சரக்கு" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கிளாஸை மட்டும் மறுபடி நீட்டினார்.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஐஸ் வேண்டாம், வாசனை மொத்தமும் அடைத்துக்கொள்ளும். சோடா, கோக் அவரவர் விருப்பம், ஆனால் ஜேம்சனைப்போல இரண்டு மடங்கு விலைக்கு வாங்கிய ரெட்பிரெஸ்ட்டில் ஊற்றினால் பணமும் போச்சு, பார்லியும் போச்சு. தண்ணீர் சில சொட்டு விடலாம், விடத்தான் வேண்டும். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். புகை வாசனை தரும் குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் அதிகமாக இருக்கும்போது உள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்த்து 45 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. பீப்பாய் வீரியத்திலேயே அடைத்த பாட்டில்களில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும்.

வரிசையும் முக்கியம். முதலில் கிரீன் ஸ்பாட், அடுத்து ரெட்பிரெஸ்ட், பிறகு ஸ்பிரிங்பேங்க். லகவூலினும் லஃப்ரோய்க்கும் கடைசியில்தான் வர வேண்டும், அவற்றுக்குத் தனி கிளாஸ். முதலிலேயே அவற்றைத் தொட்டுவிட்டால் நாக்கு அன்றைக்கு மற்ற எதற்கும் காது கொடுக்காது. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் முடிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் அளவு போதும், நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். அப்புறம் எந்த பாட்டில் சீக்கிரம் காலியாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது ரெட்பிரெஸ்ட்தான், அத்தான் வந்து தங்கும் நாட்களிலும்.